நீ ஐந்து தடவை, நான் நான்கு தடவை

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். இன்று இதுவரை நீ ஐந்து தடவை, நான் நான்கு தடவை. உனக்கு வயது நான்கு மாதம், எனக்கு இருபத்தேழு வருடம். உன்னுடைய ஐந்தைப் பற்றி இந்தக் காப்பி எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். என்னுடைய நான்கைப் பற்றி உன் அம்மாவுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களுக்கே இப்போதுதான் தெரியும்.

நீ இதைப் படிக்கும்போது உனக்கு என் வயது ஆகியிருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னுமா படிச்சு முடிக்கல?" என்று உன்னை அவசரப்படுத்திக்கொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாளைக் காலை சேலத்துக்குப் போகிறேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் என் குடலின் கடைசிப் பகுதிக்குள் விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியாது. பயம் இருக்கிறது. அதைவிட, என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரம் அதிகமாக இருக்கிறது. டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருநாள் இன்னொரு டாக்டர் உன்னிடம் அதே கேள்வியைக் கேட்பார். அப்போது நீ என்னைப்போல் விழிக்கக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காக.

முதலில் உன் கணக்கு. நீ பிறந்த நாளிலிருந்து உன் துணியை அவிழ்க்கும்போதெல்லாம் நாலு பெண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மஞ்சளா, பச்சையா, தண்ணியா, கட்டியா என்று வாசலில் நின்றே விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஆத்தாக்காரி எதையோ தின்னிருக்கறா" என்று தீர்ப்புச் சொல்லும். யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. உனக்கு ஒருநாள் பச்சையாகப் போனது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி நான் வேலை செய்யும் பல்ப்பர் கொட்டகைக்கு வந்துசேர்ந்துவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதனுடைய வயிற்றை ஊரே கூடி இவ்வளவு அக்கறையாகக் கவனிப்பது முதல் இரண்டு வருடம்தான். அவன் தானாகச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒருவர்கூடக் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை. அப்புறம் சாகும்வரை அது அவனுக்கே தெரியாத சமாச்சாரம்.

'தெரியாத' என்று சும்மா எழுதவில்லை. இந்த எஸ்டேட்டில் எல்லோரும் விடிவதற்கு முன் காப்பிச் செடிகளுக்கு நடுவே போகிறவர்கள். இருட்டில் போகிறவன் எதைப் பார்ப்பான்? காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரையும் அதை ஓட்டும் ஆயில் எஞ்ஜினையும் கவனிக்கும் ஃபிட்டர் நான். எஞ்ஜின் எந்த மணிக்கு ஓடியது, எத்தனை தடவை நின்றது, எவ்வளவு சூடானது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவன். என் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்ததில்லை. ஐப்பசியில், நீ பிறந்த வாரத்தில், தினம் ஒருதடவை என்றிருந்தது மூன்று, நான்கு ஆனது. போய்விட்டு எழுந்தால் இன்னும் பாக்கி இருக்கிறது போலவே இருக்கும். திரும்ப உட்கார்ந்தால் ஒன்றும் வராது. ஒருநாள் வேலைக்கு நடுவே வெளிச்சத்தில் போகவேண்டி வந்தது. அன்றுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

பார்த்ததும் எனக்கு வந்த எண்ணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். அட்டை என்று நினைத்தேன். மழைக்காலத்தில் இங்கே செடிக்கு நடுவே குந்தி உட்கார்ந்தவன் எவனும் அட்டையிடம் தப்பியதில்லை. அது கடிப்பதும் தெரியாது, விழுவதும் தெரியாது, ரத்தம் மட்டும் நெடுநேரம் நிற்காது. எஸ்டேட்டில் எல்லோருடைய வேட்டியிலும் சேலையிலும் ஐப்பசி கார்த்திகையில் ரத்தக்கறை இருக்கும். யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள். கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வேறு ஊர்க்காரன் தன் ரத்தத்தைக் கண்டால் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பான். நமக்கு ரத்தம் பழகிப்போன பொருள். முதல் மாதம் நான் அதை உண்மையாகவே நம்பினேன். மார்கழிக்குப் பிறகு நம்பவில்லை. ஆனாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோட்டில் எழுத ஆரம்பித்தது கார்த்திகையில். தேதி, மணி, எண்ணிக்கை, இறுகலா இளகலா, நிறம். எழுத எழுத எனக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது. சரியான எண்ணிக்கை எது? தினம் ஒருதடவை என்று எனக்கு யார் சொன்னது? கொட்டகையில் எனக்கு உதவியாக இருக்கும் மாரப்பண்ணனிடம் கேட்டேன். ஐம்பது வயது, வாய்த்துடுக்கு அதிகம்.

"அண்ணே, உங்களுக்கு நாளைக்கு எத்தன தடவ?"

"எதுக்குக் கண்ணு? அதுக்கும் செக்ரோல்ல ஆஜர் போடச் சொல்லிட்டாரா துரை?"

"சும்மா சொல்லுங்கண்ணே."

"எனக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா. எங்கய்யனுக்கும் அப்பிடித்தான். போறன்னிக்கு நிம்மதியாப் போவேன், உன்னயாட்ட வேலைக்கு நடுவுல ஓடமாட்டேன்."

அங்கே கொய்யாக்கூடையை இறக்கி வைத்திருந்த மலைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு நாளைக்கு ஒருக்காவா? அட பாவமே! எனக்கு நித்தம் மூணு. கேப்பக்களி தின்னு பாருங்க, அதுவே கூப்புட்டுச் சொல்லும்."

இரண்டு பேரும் கல்லுப்போல இருக்கிறார்கள். அப்போது எனக்குப் புரிந்தது, பிறகு டாக்டரும் அதையே சொன்னார்: தினம் மூன்று தடவை போகிறவனும் சரி, வாரத்துக்கு மூன்று தடவை போகிறவனும் சரி, அது அவனுக்கு எப்போதும் உள்ள வழக்கமாக இருந்து, உடம்பில் வேறு தொந்தரவு இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்தவன் எண்ணிக்கை உனக்கு உதவாது. உன் வழக்கம் எது என்று உனக்குத் தெரிய வேண்டும். அது மாறினால், மாறியது தானாகத் திரும்பாவிட்டால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு விருந்து, ஒரு பலாப்பழம், புது ஊர்த் தண்ணீர், இவை இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதே.

இவ்வளவு யோசித்தவன் அடுத்து செய்தது மடத்தனம். எஸ்டேட் ஆபீசில் ஒரு மருந்துப் பெட்டி உண்டு. யார் போய் வயிறு என்று சொன்னாலும் அதில் இரண்டே பதில்: போகவில்லை என்றால் விளக்கெண்ணெய், அதிகம் போனால் வயிறு கட்டும் மருந்து. நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தேன். நாலு தடவை போனால் கட்டும் மருந்து. அது இரண்டு நாள் அடைத்துவிட்டால் விளக்கெண்ணெய். எண்ணிக்கையை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டால் வியாதி தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். இடுப்பு வேட்டி தளர்ந்துகொண்டே வந்தது. அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றே டாக்டரிடம் போகவேண்டி வந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, இதென்னங்க வேட்டியில?"

"அட்டை கடிச்சிருக்கும் பாவாயி."

"மழ நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. நானும் நித்தம் தண்ணிக்குப் போயிட்டு வாரேன், ஒரு அட்டையக் கண்ணால பாக்கல. உங்களுக்கு மட்டும் தனியா வெச்சிருக்குதுங்களா?"

"ஓடையோரத்துல இருக்கும்."

"ஓடையில தண்ணியே இல்லீங்க." ஈர வேட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "கடிச்ச எடத்தக் காட்டுங்க."

காட்ட இடமில்லை. காலை நீட்டினேன், மடக்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னேன்.

"புள்ளைக்கு ஒருநா பச்சையாப் போனதுக்கு நாள் பூரா என்னையப் போட்டு உருட்டுனீங்க. உங்களுக்கு நாலு மாசமாச் செவப்பாப் போகுது. என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா?"

"பல்ப்பர் வேலை இப்பத்தான் முடிஞ்சுது. எஞ்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். அதை மாட்டிட்டு..."

"எஞ்ஜினுக்குத் துரை வேற ஆளு பாத்துக்குவாரு. இந்தப் பையனுக்கு நான் வேற ஆளு பாக்கட்டுங்களா?"

அப்படியும் ஒரு வாரம் இழுத்தேன். கடைசியில் போன சனிக்கிழமை ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் டிஸ்பென்சரிக்குப் போனேன். துரையிடம் லீவு கேட்டபோது 'ஸ்டமக்' என்று ஒரு சொல்தான் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்டமக் எல்லாருக்கும் இருக்கு. உனக்கு அதுல என்ன?" என்றார். நோட்டை நீட்டினேன். ஆர்வமாகத்தான் புரட்டினார். எண்ணிக்கை எழுதியது நல்ல வேலை என்றும் சொன்னார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த 'வி' என்னப்பா?"

"விளக்கெண்ணெய்ங்க."

"இந்த 'க'?"

"கட்டற மருந்துங்க."

நோட்டை மூடிவிட்டார். "இதுல பாதி உன் குடல் எழுதினது, பாதி நீ ஊத்தின மருந்து எழுதினது. எது எதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது? ரத்தம் வந்த முதல் வாரம் வந்திருந்தா நாலு மாசம் மிச்சம்."

அதன்பிறகு மறைப்புக்குள் படுக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் உள்ளே பார்த்தார். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் அருவருப்பு இல்லை, சிரிப்பு இல்லை. நான் பேரிங்கைத் தடவிப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மலத்தைக் கொஞ்சம் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். விட்டார். வட்டமான வெளிச்சத்தில் மூட்டை அவிழ்ந்ததுபோல் ஏதேதோ மிதந்தது. சீதபேதிப் பூச்சி இருந்தால் நகரும் என்றார். எதுவும் நகரவில்லை. வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று அவர் என் தோளைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூலம் இருக்கு," என்றார். எனக்கு உயிர் வந்தது. எழுந்தே விட்டேன். "உட்காரு. மூலம் இருக்கறதால வேற ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. மூலம் ரத்தம் வர வைக்கும். ஒருதடவை போறவனை நாலுதடவை போக வைக்காது, உடம்பை இளைக்க வைக்காது. விரல் எட்டாத இடத்தை நான் பார்க்கல. அதைச் சேலத்துல பார்க்கணும்." பிறகுதான் அந்தக் கேள்வி. "அப்பா எதுல போனார்?"

"வயித்தால போச்சுங்க."

"அது எனக்குப் பதில் இல்லை. அப்ப என்ன வயசு? எத்தனை மாசம் இருந்துச்சு? ரத்தம் போச்சா?"

தெரியாது என்று மூன்று தடவை சொன்னேன். பெற்ற அப்பன்.

உன் தாத்தா குப்பனூரிலிருந்து மலை ஏறி இந்த எஸ்டேட்டில் கல்கட்டு வேலைக்கு வந்தவர். நான் சேலத்தில் ஃபிட்டர் வேலை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவுக்கு வந்தேன். அவர் அரைஞாண் கயிற்றில் இரண்டு முடிச்சுப் புதிதாக இருந்தது. இடுப்பு இளைக்க இளைக்கக் கயிற்றை இறுக்கி முடிந்திருக்கிறார். "என்னங்கய்யா, இப்படி எளைச்சிட்டீங்க?" என்று கேட்டேன். "கல்லுத் தூக்கறவன் கொழுப்பாவா இருப்பான்? போய்ப் படி சாமி," என்றார். சொம்பை எடுத்துக்கொண்டு அடிக்கடி செடிக்குள் போனார், வர நேரமானது. பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த லீவுக்கு அவர் இல்லை. எஸ்டேட் ரிஜிஸ்டரில் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருக்கிறது. வயிற்றுப்போக்கு என்பது வியாதி காட்டிய அடையாளம். வியாதியின் பெயரை யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்திருப்பதும் அவருக்கு வந்ததும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, இனி உறுதியாகத் தெரியவும் வழியில்லை. இரண்டு முடிச்சு இருந்தது என்பது மட்டும்தான் என்னிடம் உள்ள தகவல்.

அதனால் உனக்குச் சொல்கிறேன் கண்ணு. வழக்கம் மாறி மூன்று வாரம் நின்றால் போய்க் காட்டு. ரத்தத்தைக் கண்டால் மூன்று வாரமும் வேண்டாம், உடனே போ. அட்டை, மூலம், சூடு என்று நீயே பெயர் வைக்காதே. சாப்பாட்டைக் குறைக்காமலே இளைத்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைத்தாலும், போன பிறகும் பாக்கி இருப்பதுபோல் நின்றாலும், காரணமில்லாமல் சோர்ந்து வெளுத்தாலும் போய்க் காட்டு. தார்போலக் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, நாற்றமாகப் போனால் அன்றைக்கே போ. உள்ளே மேலே எங்கோ ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம். இரும்புச் சத்து மருந்து குடித்தாலும் கறுக்கும், ஆகையால் என்ன குடித்தாய் என்பதையும் டாக்டரிடம் சொல். மலமும் காற்றும் அடியோடு நின்று, வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் எஸ்டேட் பெட்டியில் விளக்கெண்ணெய் தேடாதே. அது ஆளைக் கொல்லும் நிலைமை, வண்டி பிடி. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை இருந்து, தண்ணீராகப் போய் வாயும் நாக்கும் காய்ந்தால் அப்போதும் அப்படித்தான்.

வீட்டில் இருப்பவர்களையும் கேள். டாக்டரைப் பார்த்து வந்த அன்று உன் அம்மாவிடம் முதல்தடவையாக, "உனக்கு எப்படி?" என்று கேட்டேன். அடிக்க வந்தாள். பிறகு சொன்னாள். விடிவதற்கு முன் ஒருதடவை போகலாம், தவறினால் இருட்டும்வரை அடக்க வேண்டும், அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லையாம். நாலு நாளைக்கு ஒருதடவை, அழுதுகொண்டு. "பொம்பளைங்களுக்கு அப்பிடித்தானுங்க," என்கிறாள். பகலிலும் போக ஒரு கதவு இருந்தால் தீர்கிற விஷயம். கல்யாணமாகி இரண்டு வருடம், ஒரே வீடு, எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். சேலத்திலிருந்து நான் எழுதமுடியாத நிலையில் வந்தால், அல்லது வராவிட்டால், மீதியை அவள்தான் எழுத ஏற்பாடு செய்யவேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம்தான் போகவேண்டும்.

"எல்லாத்தையும் அவர்கிட்டச் சொல்லோணும் பாவாயி. ரத்தம், எண்ணிக்க, எல்லாம். கூசுமே?"

உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ரைட்டரு மட்டும் என்னங்க, போகாத ஆளா? சொல்றேனுங்க. நீங்க போயிட்டு வந்து நீங்களே எழுதற வழியப் பாருங்க."

இனி நான் செய்யப்போவது:

1. நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறுவேன். எஞ்ஜினின் பாகங்களை மாரப்பண்ணனிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டேன், அந்தச் சாக்கு இனி இல்லை.

2. மருந்து குடித்த நாட்களுக்கெல்லாம் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துப்போவேன். எழுதாமல் விட்ட உடம்பு இளைப்பையும் எழுதிக்கொள்வேன்.

3. அங்கே முதல் வார்த்தையாக ரத்தத்தைச் சொல்வேன்.

4. குழாயில் என்ன தெரிந்தது என்று கேட்பேன். வியாதிக்குப் பெயர் கேட்பேன். எழுதிக் கொடுக்கச் சொல்வேன். கொடுக்கும்வரை இடத்தை விட்டு எழமாட்டேன்.

5. திரும்பும்போது குப்பனூரில் இறங்கி, என் அத்தையிடம் உன் தாத்தாவின் கடைசி வருடத்தைக் கேட்பேன். செத்த அண்ணனைப் பற்றி என்ன கேள்வி இது என்று திட்டுவாள். திட்டி முடித்ததும் மறுபடி கேட்பேன்.

6. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, நாலு பக்கமும் தகரம் அடித்து, உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு வைப்பேன். எனக்கு முடியாவிட்டால் கூலிக்கு ஆள் வைத்து வெட்டுவேன்.

7. இந்தக் காகிதத்தில் இதற்குக் கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன். வியாதியின் பெயரை அங்கே எழுதுவேன், நல்லதோ கெட்டதோ. கையெழுத்து வேறாக இருந்தால், உன் அம்மா ரைட்டரிடம் போய்ச் சொல்லி எழுத வைத்தாள் என்று தெரிந்துகொள். எப்படியானாலும் அந்த இடம் காலியாக இருக்காது.